பிழைத்துக்கொண்ட பிழைகள்

கிரிக்கெட் மைதானத்தில் தொப்பியோடு நின்று விரலைத் தூக்குகிறாரே அம்பயர், அந்தச் சொல்லே ஒரு பிழை. ஆங்கிலத்துக்குள் அது வந்தபோது முன்னால் ஒரு 'ந' இருந்தது. பழைய பிரெஞ்சில் 'நோன்' என்றால் அல்லாத, 'பெர்' என்றால் இணை. நோன்பெர் என்றால் இணையில்லாதவர், அதாவது எந்தப் பக்கத்தோடும் ஜோடி சேராமல் தனியாக நிற்கிற மூன்றாம் ஆள். இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போது தீர்த்துவைக்க அப்படி ஒருவர் வேண்டுமே. இங்கிலாந்தில் அவரை நௌம்பர் என்றார்கள்.

ஆங்கிலத்தில் 'ஒரு' என்று சொல்ல மெய்யொலிக்கு முன் 'அ', உயிரொலிக்கு முன் 'அன்' போடுவது வழக்கம். 'அ நௌம்பர்' என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் இருக்கும் ஒலி முன்சொல்லுக்குச் சொந்தமா, பின்சொல்லுக்குச் சொந்தமா என்று காதுக்குத் தெரியாது. ஜனங்கள் 'அன் ஔம்பர்' என்று பிரித்துக்கொண்டார்கள். சொல்லின் தலை போனது போனதுதான். சொல்லின் தொடக்கத்தில் 'ந', கடைசியில் 'ன்' என்று தனித்தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு எழுத்தில் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து.

தலை போவதற்கு முன் அந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்று பார்க்க 14ஆம் நூற்றாண்டின் 'பியர்ஸ் ப்ளௌமன்' என்ற நெடுங்கவிதையில் அருமையான ஒரு இடம் இருக்கிறது. மதுக்கடையில் நடக்கும் காட்சி. கிளெமென்ட் என்ற செருப்புத் தைப்பவர் தன் மேலங்கியைக் கழற்றி எறிந்து பேரத்துக்கு விடுகிறார். ஹிக் என்ற குதிரைலாயக்காரர் பதிலுக்குத் தன் தலைமூடியை எறிகிறார். எதற்கு எவ்வளவு மதிப்பு? இரண்டு பேர் எழுந்து ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று விலை போட்டுப் பார்க்கிறார்கள். சத்தியம் செய்கிறார்கள், கத்துகிறார்கள், ஒத்துவரவில்லை. கடைசியில் கயிறு திரிக்கும் ராபினை எழுப்பி நீதான் நௌம்பர் என்கிறார்கள். தீர்ப்பு: ஹிக்குக்கு மேலங்கி, கிளெமென்டுக்குத் தலைமூடி, பேரம் கட்டுப்படியாகவில்லை என்று முதலில் மூக்கால் அழுகிறவர் ஒரு காலன் மது வாங்கித் தர வேண்டும். இலக்கியத்தில் அம்பயரின் முதல் தீர்ப்புகளில் ஒன்று சாராயக்கடையில் நடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி. எல்.பி.டபிள்யூ. தீர்ப்புகளை வைத்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் படுகிறது.

நான் பிழைப்புக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். ப்ரூப் ரீடர். காலையிலிருந்து மாலைவரை பிறர் எழுதியதில் ஒற்று விழுந்ததா, சந்தி சரியா, சொல் சேர்ந்துவிட்டதா, பிரிந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் வேலை. சேரக்கூடாதது சேர்ந்தால் நடுவில் கோடு, பிரியக்கூடாதது பிரிந்தால் மேலே ஒரு வளைவு. அதனால்தானோ என்னவோ, ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டும்போது என் கண் இந்த மாதிரிச் சொற்களிலேயே போய் நிற்கிறது. ஒரு ப்ரூப் ரீடர் சரியான நேரத்தில் குறுக்கே நின்றிருந்தால் இவையெல்லாம் பிறந்தே இருக்காது.

அம்பயர் தனி ஆள் இல்லை. அவருக்கு ஒரு கூட்டமே சொந்தம். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முன்பு நேப்ரன். நாப்கினுக்கு உடன்பிறப்பு. லத்தீனில் துணிக்கு 'மப்பா' என்று பெயர். பிரெஞ்சுக்குப் போய் 'நாப்' ஆனது. அதிலிருந்து நாப்கினும் நேப்ரனும். துணியில் உலகப்படம் வரைந்ததால் மேப்பும் அதே வீட்டுப் பிள்ளை. மூன்றில் ஏப்ரன் மட்டும் தலையெழுத்தைத் தொலைத்துவிட்டு யாரோ போல நிற்கிறது. ஆடர் என்ற விரியன் பாம்பும் பழைய ஆங்கிலத்தில் 'ந'வில்தான் தொடங்கியது. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'நாட்டர்' என்று 'ந' போட்டுத்தான் ஒருவகைப் பாம்பைச் சொல்கிறார்கள்.

ஆரஞ்சு கொஞ்சம் வேறு மாதிரி. அதன் 'ந' இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஸ்பானிய மொழியில் நரன்ஹா, பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கிறது என்பது பல அறிஞர்களின் கருத்து. நாரத்தங்காய் ஊறுகாய் போடுகிற வீட்டில் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சில சொற்கள் 'ந'வைத் தொலைத்தன என்றால் சில திருடிக்கொண்டன. நிக்நேம் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் கூடுதல். வரும்படி போதாமல் இழுத்துப்பிடித்து நாளைத் தள்ளுவதை ஆங்கிலத்தில் 'ஈக் அவுட்' என்கிறார்களே, அதே ஈக். பெற்றோர் வைத்த பெயருக்கு மேல் ஊர் வைத்த கூடுதல் பெயர் ஈக்நேம். 'அன் ஈக்நேம்' நாளடைவில் 'அ நீக்நேம்' ஆகி, நிக்நேமில் வந்து நின்றது. பட்டப்பெயரைக் குறிக்கும் சொல்லுக்கே யாரோ பட்டப்பெயர் வைத்த மாதிரி இருக்கிறது. நியூட் என்ற பல்லி போன்ற நீர்நில வாழ்வி முன்பு யூட். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனிடம் கோமாளி வாய்க்கு வாய் 'நங்கிள்' என்று கூப்பிடுவான். 'மைன் அங்கிள்', என் மாமா, என்பதில் முன்சொல்லின் கடைசி ஒலி மாமாவோடு ஒட்டிக்கொண்டதால் வந்தது. எட்வர்டைச் செல்லமாக நெட் என்பதும் இதே 'மைன்' செய்த வேலைதான்.

தமிழில் பிரிமொழிச் சிலேடை என்று ஒன்று உண்டு. சொல்லை ஒரு மாதிரி பிரித்தால் ஒரு பொருள், வேறு மாதிரி பிரித்தால் வேறு பொருள். காளமேகம் அதை வேண்டுமென்றே செய்தார். ஆங்கிலேயர்கள் தெரியாமலே செய்துவிட்டு அகராதியில் ஏற்றிக்கொண்டார்கள்.

பன்மை என்று நினைத்துக் கையை வைத்து வெட்டியதும் நடந்திருக்கிறது. பட்டாணிக்கு அங்கே 'பீஸ்' என்று பெயர். ஒன்றானாலும் பீஸ்தான். கடைசியில் 'ஸ்' கேட்கிறதே, அப்படியென்றால் பல பட்டாணியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஒற்றைப் பட்டாணிக்கு 'பீ' என்று 17ஆம் நூற்றாண்டில் ஒரு சொல்லைச் செய்துகொண்டார்கள். செர்ரிப் பழத்துக்கும் ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் மதுவான ஷெர்ரிக்கும் இதே கதி. சரி, இதெல்லாம் வாயும் காதும் செய்த வேலை. எனக்கு இதைவிடப் பிடித்தவை கையும் கண்ணும் செய்தவை.

சிலபஸை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போன எல்லார் வாயிலும் வந்த சொல். கி.மு. 56இல் ரோமாபுரியின் சிசரோ, தன் நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். என் புத்தகங்களை ஒழுங்குபடுத்த வேண்டும், உன் நூலகத்து ஆட்கள் இரண்டு பேரை அனுப்பு, புத்தகங்களுக்குச் சீட்டுக் கட்டுவதற்குத் தோலும் கொண்டுவரச் சொல் என்கிறார். அப்போது புத்தகம் என்றால் சுருள்தான். அலமாரியில் அடுக்கினால் எது என்னவென்று தெரியாது. அதற்காகச் சுருளின் முனையில் தலைப்பு எழுதிய தோல்துண்டைத் தொங்கவிடுவார்கள். அதற்குக் கிரேக்கத்தில் 'சிட்டுபா'. சிசரோ அந்தக் கிரேக்கச் சொல்லைத்தான் போட்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்கள் அச்சேறியபோது அது 'சில்லபோஸ்' என்று விழுந்தது. அப்படி ஒரு கிரேக்கச் சொல்லே கிடையாது. ஆனால் அச்சில் வந்துவிட்டதே! பின்னால் வந்தவர்கள் 'ஒன்றாகத் திரட்டு' என்ற பொருளுள்ள ஒரு கிரேக்க வினைச்சொல்லை இதற்குப் பிடித்துக்கொடுத்து, பரம்பரையும் கற்பித்துவிட்டார்கள். இன்றைக்கும் இதன் பன்மை சிலபஸ்களா, லத்தீன் முறைப்படி சிலபையா என்று படித்தவர்கள் அடித்துக்கொள்வார்கள். இல்லாத சொல்லுக்கு இலக்கண சுத்தம்!

கற்றவர்கள் கெடுத்ததும் கொஞ்சம் இல்லை. தீவுக்கான ஐலண்டில் உச்சரிக்காத ஒரு 'ஸ்' நடுவில் உட்கார்ந்திருக்கிறது. லத்தீனிலிருந்து வந்த வேறொரு சொல்லைப் பார்த்து வலிய நுழைத்தது. டார்மிகன் என்ற பறவை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர் கொண்டது. கிரேக்கம் என்று யாரோ நினைத்து முன்னால் ஒரு 'ப்' சேர்த்துவிட்டார்கள். அதை யாரும் உச்சரிப்பதில்லை, எடுப்பதும் இல்லை. பழமையைக் காட்டக் கடைப் பலகைகளில் 'யீ ஓல்டு' என்று எழுதுகிறார்களே, அந்த 'யீ'யும் இல்லாத சொல். 'தி' என்பதை எழுதப் பழைய ஆங்கிலத்தில் 'தார்ன்' என்று ஒரு எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது பார்க்க 'ஒய்' மாதிரியே ஆகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துப் பெட்டியில் தார்ன் இல்லை. அச்சுக்கோப்பவர் என்ன செய்வார்? கிட்டத்தட்ட அதே முகம் உள்ளதை எடுத்துக் கோத்தார். எழுதியது அப்படி, படித்தது 'தி' என்றுதான். பின்னால் வந்தவர்கள் எழுதியபடியே படித்தார்கள்.

இப்படிப் பிழைத்துக்கொண்டவை ஒரு பக்கம். கையும் களவுமாகப் பிடிபட்டவை இன்னொரு பக்கம். பிடிபட்டவற்றுக்கு 'கோஸ்ட் வேர்டு', பேய்ச்சொல், என்று 1886இல் பெயர் வைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வால்டர் ஸ்கீட். உயிரோடு ஒருநாளும் இல்லாமல் அச்சில் மட்டும் உலவுகிற சொல். வேடிக்கை என்னவென்றால், கோஸ்ட் என்ற சொல்லில் வரும் 'ஹெச்' எழுத்தே அச்சுக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். 1476இல் இங்கிலாந்துக்கு அச்சைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வெகுகாலம் இருந்து அச்சுத்தொழில் நடத்தியவர். அந்த ஊர் எழுத்துமுறையில் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஸ்கீட் காட்டிய உதாரணங்களில் இரண்டை நான் எத்தனை முறை படித்தாலும் சிரிப்பேன். வால்டர் ஸ்காட்டின் 'தி மொனாஸ்டரி' என்ற 1820ஆம் வருஷத்து நாவலில் ஒரு பாதிரியார், இப்போதுதான் சாவிலிருந்து தப்பினாய், அதற்குள் கொலை எண்ணங்களை 'மோர்ஸ்' செய்கிறாயா என்று ஒருவனைத் திட்டுகிறார். மோர்ஸ் என்றால் என்ன? 'நோட்ஸ் அண்ட் குவெரீஸ்' இதழில் இரண்டு வாசகர்கள் களத்தில் இறங்கினார்கள். ஒருவர், துப்பாக்கிக்கு மருந்து இடுவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றார். எண்ணங்களுக்கு மருந்து கெட்டிக்கிறான் என்று பொருள். இன்னொருவர், லத்தீனில் கடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றார்; மனதைக் கடித்துக் குதறும் எண்ணங்களாம். இரண்டுமே பொருந்தித்தான் வருகிறது. ஸ்காட்டின் கையெழுத்துப் பிரதியில் இருந்ததோ 'நர்ஸ்'. கொலை எண்ணங்களைப் பேணி வளர்க்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அச்சுக்கோப்பவருக்குக் கையெழுத்துப் புரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று நம் ஊர் சம்பந்தப்பட்டது. 1808இல் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் இந்துக்களின் நேர்த்திக்கடன்களைப் பற்றி ஒரு கட்டுரை. சிலர் கொக்கிகளில் தொங்கி ஆடுகிறார்கள், சிலர் கைகளில் 'கைம்ஸை'க் குத்திக்கொள்கிறார்கள் என்று போகிறது. மாரியம்மன் திருவிழா பார்த்த எவரும் அது என்னவாக இருக்கும் என்று ஊகித்துவிடுவார்கள். பார்க்காத ஊரில் அதை ஏதோ இந்திய ஆயுதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே வந்திருக்க வேண்டியது 'நைவ்ஸ்', கத்திகள். கைம்ஸ் கத்திக்கான அச்சுப்பிழை.

பேய்களில் பெரிய பேய் டோர்ட். நடந்த இடம் அமெரிக்கா, வெப்ஸ்டர் அகராதி அலுவலகம். 1931 ஜூலை 31ஆம் தேதி, வேதியியல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்டின் பேட்டர்சன் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். டென்சிட்டி, அதாவது அடர்த்தி, என்பதற்கு 'டி' என்ற ஓர் எழுத்தைச் சுருக்கமாகப் போடலாம், பெரிய எழுத்திலும் போடலாம், சின்ன எழுத்திலும் போடலாம் என்பது சேதி. அதைப் பெரிய 'டி' ஆர் சின்ன 'டி' என்று எழுதியிருந்தார். சுருக்கக்குறிகளின் கட்டுக்குப் போக வேண்டிய சீட்டு, வழிதவறிச் சொற்களின் கட்டுக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் அங்கே தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வார்கள். ஆகவே சீட்டைப் பார்த்தவருக்கு டி, ஓ, ஆர், டி என்று நான்கு எழுத்தில் ஒரு சொல் கண்ணில் பட்டது. டோர்ட். பொருள்: அடர்த்தி. யாரோ உச்சரிப்புக் குறி போட்டார்கள். யாரோ பெயர்ச்சொல் என்று குறித்தார்கள். 1934இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் 771ஆம் பக்கத்தில், டோர்காப்சிஸ் என்ற சிறு கங்காருவுக்கும் டோரே என்ற பொன்னிறச் சொல்லுக்கும் நடுவில் அது ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

அது எத்தனை மேசைகளைத் தாண்டி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ப்ரூப் பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்துப்பிழை இல்லை, அகரவரிசையில் சரியான இடம், வடிவம் கச்சிதம். எதைச் சுழிப்பது? ஐந்து வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1939 பிப்ரவரி 28ஆம் தேதி ஒரு பதிப்பாசிரியர் வேறு எதையோ தேடும்போது இதைப் பார்த்தார். எல்லாச் சொல்லுக்கும் எதிரே பிறப்பு போட்டிருக்கிறது, இதற்கு மட்டும் போடவில்லையே என்று அவருக்கு உறுத்தியது. கோப்பைத் தோண்டினார்கள், சீட்டு அகப்பட்டது. நீக்கச் சொல்லி உத்தரவு போனாலும் அடுத்தடுத்த அச்சுகளில் அது முழுதாக மறைய 1940களின் பின்பாதி ஆகிவிட்டது. அகராதியின் அடுத்த பதிப்புக்குத் தலைமை ஏற்ற ஃபிலிப் கோவ் 1954இல் இந்தக் கதையை எழுதினார். டோர்ட் போனதில் அவருக்கே கொஞ்சம் வருத்தம். அடர்த்திக்கு டோர்ட் என்ற பெயர் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார்.

எனக்கும் அதே கேள்விதான். நௌம்பரின் தலையை வெட்டியவர்களுக்கு இருந்த எந்தத் தகுதி அந்த அமெரிக்க எழுத்தருக்கு இல்லை? ஒரே வித்தியாசம், அம்பயரை ஆயிரம் வாய்கள் சொன்ன பிறகுதான் அகராதிக்காரர் பார்த்தார். டோர்ட் அகராதியில் ஏறிய பிறகும் ஒரு வாயாவது அதைச் சொல்லவில்லை. யாராவது ஒரு பள்ளி வாத்தியார், இரும்பின் டோர்ட் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நாலு வருஷம் நடத்தியிருந்தால் அந்த எடிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

சீட்டு வழிதவறினால் இல்லாத சொல் வரும் என்றால், தொலைந்தால் இருக்கிற சொல் போகும். அதுவும் நடந்தது. ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் மரே தொகுத்த பேரகராதியின் 'பி' எழுத்துப் பகுதி அச்சாகி வெளிவந்த பிறகு பார்த்தால், அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்டு' அதில் இல்லை. பைபிளிலேயே வருகிற சொல். அதன் சீட்டுகள் எங்கேயோ ஒளிந்துகொண்டன. 1933இல் வந்த பின்னிணைப்பில்தான் சேர்த்தார்கள். இதே மரேதான், அபகாட் என்ற ராஜ தொப்பியின் பெயர் முந்நூறு வருஷமாகப் புத்தகங்களும் அகராதிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்து வந்த பிழை, உண்மையில் அது பைகாக்கெட் என்று காட்டி வெளியே தள்ளியவர். ஒரேயொரு சந்தர்ப்பத்துக்காக உருவாக்கும் சொல்லுக்கு 'நான்ஸ் வேர்டு' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்த நான்ஸில் உள்ள 'ந' கூட முன்சொல்லிலிருந்து திருடியது என்பது மரேக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் சிரித்துக்கொண்டு வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பேயைத் தெரிந்தே குடிவைப்பவர்களும் உண்டு. 2001இல் வந்த 'நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் டிக்‌ஷனரி'யில் 'எஸ்குவிவேலியன்ஸ்' என்று ஒரு சொல். பார்க்க வேண்டிய அலுவலைப் பார்க்காமல் வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்று பொருள் போட்டிருந்தார்கள். யாராவது நம் அகராதியைத் திருடி வெளியிட்டால் காட்டிக்கொடுக்க ஒரு பொறி. 2005இல் விஷயம் வெளியே வந்தது. அதற்கு முன்பே, 1975இல் 'நியூ கொலம்பியா என்சைக்ளோபீடியா'வில் லில்லியன் வர்ஜினியா மௌண்ட்வீசல் என்ற பெண்மணிக்கு ஒரு பதிவு உண்டு. நீரூற்று வடிவமைத்தவர், பிறகு புகைப்படக்காரர், அமெரிக்கக் கிராமங்களின் தபால் பெட்டிகளைப் படம் பிடித்தவர். 'எரிபொருள்கள்' என்ற பத்திரிகைக்காக வேலை செய்யும்போது வெடிவிபத்தில் இறந்தார் என்று எழுதிவைத்தார்கள். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. இன்று இந்த மாதிரிப் பொய்ப் பதிவுகளுக்கே ஆங்கிலத்தில் மௌண்ட்வீசல் என்று பெயர். எஸ்குவிவேலியன்ஸ் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக்கூடாது என்பது என் கட்சி. அந்தப் பொருளுக்கு ஒரு சொல் தேவைப்படாத அலுவலகம் எங்கே இருக்கிறது?

இந்த வெட்டும் ஒட்டும் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஹெலிகாப்டர் கிரேக்கத்தில் 'ஹெலிகோ' என்ற சுருளும் 'ப்டெர்' என்ற இறக்கையும் சேர்ந்தது; நாம் 'காப்டர்' என்று நடுவில் உடைத்துக்கொண்டோம். ஹாம்பர்க் நகரின் பெயரை உடைத்துப் பர்கரை எடுத்து, அதில் கோழியும் பன்னீரும் வைத்து விற்கிறோம். அமெரிக்கர்கள் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள், அடிக்கடி 'அ ஹோல் நதர்' என்பார்கள். முற்றிலும் வேறு என்று பொருள். 'அனதர்' என்ற சொல்லை 'அ நதர்' என்று பிளந்து நடுவில் ஒரு சொல்லைச் செருகிவிட்டார்கள். பழைய தந்திரம்தான், அதே ஒலி, அதே இடம். சில அகராதிகள் 'நதர்' என்பதைப் பேச்சுவழக்கு என்ற குறிப்போடு உள்ளே விட்டும் ஆயிற்று. என் மேசைக்கு வந்தால் சுழித்துத்தான் அனுப்புவேன். சம்பளம் அதற்குத்தானே தருகிறார்கள்.